486-க்கு எந்த மோடம்?



பழைய மாணவர் ஒருவர் 486 கம்ப்யூட்டர் ஒன்றைத் தூசி தட்டி ஓட வைத்திருக்கிறாராம். "ஐயா, இதுக்கு எந்த டயல்-அப் மோடம் சரியா இருக்கும்?" என்று கேட்டார். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

2000-இல் என் வீட்டில் இருந்ததும் 486 தான். மகள் அமெரிக்காவில் மாசமாக இருந்தாள். அவள் அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் முடிந்த நேரம். விமானம் ஏற முடியாது. ஐ.எஸ்.டி. பேசினால் நிமிடத்துக்கு நிமிடம் காசு. மெயில்தான் வழி.

ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் 56 கே உள் மோடத்தை எடுத்து நீட்டினார். விலை குறைவு. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன், பென்டியம் வேண்டும் என்று போட்டிருந்தது. அந்த வகை மோடம் தன் வேலையில் பெரும்பகுதியைப் பிராசஸர் தலையில் கட்டிவிடும். 486 தாங்காது. தவிர அது பிசிஐ கார்டு. என்னிடம் இருந்ததோ ஐஎஸ்ஏ ஸ்லாட் மட்டும்.

ஆகவே சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளி மோடம். அதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். டாஸில் எம்எஸ்டி என்று தட்டினால் போர்ட்டில் என்ன யுஆர்ட் சிப் இருக்கிறது என்று காட்டும். 8250, 16450 என்றால் ஓர் எழுத்தைத்தான் பிடித்து வைத்திருக்கும். பிராசஸர் வந்து எடுப்பதற்குள் அடுத்தது வந்தால் முந்தையது போச்சு. (நான் வேகமாக நோட்ஸ் சொன்னபோது கடைசி பெஞ்சில் நடந்தது இதேதான், உங்களுக்கே தெரியும்.) 16550ஏ என்றால் 16 எழுத்து தாங்கும். என்னுடையது 16450. அதனால் 16550ஏ உள்ள சீரியல் கார்டு ஒன்றும் வாங்கிச் செருகினேன்.

வேகம் 33.6 போதும் என்று விட்டுவிட்டேன். எங்கள் தெரு லைனில் மழை பெய்தால் கொரகொரப்பு, பல நாள் 26,400-இல்தான் இணையும்.

வெளி மோடத்தில் எனக்குப் பிடித்தது அதன் விளக்குகள். ஆர்டி விளக்கு துடித்தால் தகவல் வருகிறது என்று அர்த்தம். வீட்டில் ஒரே போன். நெட்டில் இருந்தால் மாப்பிள்ளை கூப்பிட்டாலும் எங்கேஜ்டுதான். அதனால் கடிதத்தை முன்னாலேயே தட்டி வைத்துக்கொண்டு, இணைத்து, அனுப்பி, உடனே துண்டித்துவிடுவேன்.

பேத்தி பிறந்த மூன்றாம் நாள் மெயிலில் போட்டோ வந்தது. இரண்டு முறை பாதியில் அறுந்தது. மூன்றாம் முறை என் மனைவி முதுகில் பெல்ட்டோடு வந்து உட்கார்ந்து, ஆர்டி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் வருதுங்க. போனைத் தொட்றாதீங்க" என்றாள்.