விடாத சொட்டு

ஆறு ஆண்டுகள் என் கண் மருத்துவரிடம் பொய் சொன்னேன். "தினமும் மருந்து விடறீங்களா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். "ஒரு நாளும் தவறினதில்லை டாக்டர்" என்பேன். ஒரு மாதத்தில் தீர வேண்டிய லட்டனோபிராஸ்ட் சொட்டு மருந்துப் புட்டி என்னிடம் மூன்று மாதம் இருந்தது.

எனக்குக் கண் நீர் அழுத்த நோய், கிளாக்கோமா. வலி இல்லை, மங்கலும் இல்லை. மருந்து விட்டால்தான் கண் எரிந்தது, சிவந்தது. விடாத நாளில் ஒரு குறையும் தெரியவில்லை. இரவு "மருந்து விட்டாச்சா?" என்று மனைவி கேட்டால் படுத்தபடியே "ஆச்சு" என்பேன். பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பு மட்டும் ஒழுங்காக விடுவேன். அன்று அழுத்தம் 16 என்று காட்டும். டாக்டருக்குத் திருப்தி. அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து எனக்கே என் பொய் மறந்துபோனது.

2021இல் அவரே லேசர் பற்றிச் சொன்னார். பிரிட்டனில் புதிதாக நோய் கண்டறியப்பட்ட 718 பேரிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியானதாம். முதலிலேயே லேசர் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு மூன்று ஆண்டுகள்வரை சொட்டு மருந்தே தேவைப்படவில்லை. கண்ணை மரக்கச் செய்து, உள்ளே நீர் வடியும் சல்லடைத் திசுவில் ஒளியைப் பாய்ச்சுவார்கள். சில நிமிட வேலை. பலன் சில ஆண்டுகளில் குறையலாம், மறுபடியும் செய்துகொள்ளலாம் என்றார்.

"சொட்டு மருந்தே பழகிடுச்சு டாக்டர்" என்று மறுத்தேன். பயமும் இருந்தது. ஆனால் பயத்தைவிடப் பெரியது வேறொன்று: லேசர் வேண்டும் என்றால், என்னால் தினமும் மருந்து விட முடியவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கண்ணுக்குள் வைத்தால் கரைந்தபடியே மருந்து தரும் பைமட்டோபிராஸ்ட் துணுக்குக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததைப் படித்திருந்தேன். அது இங்கே வரட்டும் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொல்லாமலே தப்பிக்க ஒரு வழி தேடினேன், அவ்வளவுதான்.

2023இல் பார்வைப்புலச் சோதனை செய்தார்கள். இடது கண்ணின் தாளில் கருப்புத் திட்டு பரவியிருந்தது. அழுத்தம் சரியாக இருக்கும்போது நரம்பு ஏன் கெடுகிறது என்று டாக்டர் குழம்பினார். தலைக்கு ஸ்கேன் எழுதினார். ஒரு நாள் முழுக்க உட்காரவைத்து மணிக்கொரு முறை அழுத்தம் பார்த்தார். மகள் வேலைக்கு விடுப்புப் போட்டுக் கூட இருந்தாள். கடைசியில், "நான்தான் எதையோ கவனிக்காம விட்டுட்டேனோ" என்றார் டாக்டர். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. என் கண்ணை நான் கெடுத்துக்கொண்டதைவிட, அந்த மௌனத்துக்காகவே இன்றும் கூசுகிறேன்.

மறு வாரம் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "எந்த நேரத்துல விடறதுதான் கஷ்டமா இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கான பதிலை ஆறு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

இரண்டு கண்ணிலும் லேசர் ஆயிற்று. என் நோய் முற்றியிருந்ததால் இரவில் ஒரு சொட்டு இன்னமும் வேண்டியிருக்கிறது. போன பார்வையை எந்த லேசரும் மீட்டுத் தராது. வலது கண்ணை மூடிக்கொண்டு சுவரிலுள்ள மாதக் காலண்டரைப் பார்த்தால், கீழ் வரிசைத் தேதிகள் எனக்கு இல்லை.

போன வாரம் பரிசோதனைக்குப் போனேன். "இந்த மாசம் ரெண்டு நாள் விடலை டாக்டர்" என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.