மேல்மாவுக்குக் கீழே நடப்பது

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள வெர்மான்ட் மாநிலம் 1999-இல் ஆப்பிள் பையைத் தன் மாநிலப் பையாக அறிவித்துச் சட்டம் இயற்றியது. பரிமாறும்போது ஒரு கிளாஸ் குளிர்ந்த பால், அல்லது குறைந்தது அரை அவுன்ஸ் எடையில் ஒரு துண்டு செடார் சீஸ், அல்லது பெரிய கரண்டி வனிலா ஐஸ்கிரீம், இவற்றில் ஒன்றைச் சேர்த்துக் கொடுக்க நல்லெண்ணத்தோடு முயல வேண்டும் என்பதுவரை அதில் இருக்கிறது. எப்படிச் சாப்பிடுவது என்று சட்டம் சொல்லிவிட்டது. எப்படிச் செய்வது என்பதை மட்டும் வீட்டில் புதிதாகப் பழகுபவர் ஒவ்வொருவரும் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. பண்டம் என்னவோ எளிமையானதுதான். மைதாவும் வெண்ணெயும் சேர்த்துத் தேய்த்த இரண்டு வட்டங்கள், நடுவே சர்க்கரையும் பட்டைத்தூளும் புரட்டிய ஆப்பிள் துண்டுகள், பிறகு ஓரத்தை அழுத்தி மூடி ஓவனில் ஒரு மணி நேரம். இத்தனை எளிய பண்டத்தில் பழகுபவர்கள் ஏன் இவ்வளவு காலம் தடுமாறுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. அவர்கள் வேலையைப் படிப்படியாகக் கவனித்துப் பார்த்தால், கைத்திறன் போதாமை மட்டும் அதற்குக் காரணமாகத் தெரியவில்லை. இந்தப் பண்டத்தில் தவறு நடக்கும் நேரமும் அது தெரியவரும் நேரமும் வெகுதூரம் விலகியிருக்கின்றன. தோசைக்கல்லில் சூடு கூடிப்போனால் முதல் தோசையே சொல்லிவிடும். இரண்டாவது தோசையில் திருத்திக்கொள்ளலாம். பையில் காலை பத்து மணிக்குக் கை செய்த பிழை மாலை ஐந்து மணிக்குப் பல்லில்தான் தெரிகிறது. நடுவில் நடப்பதெல்லாம் மேல்மாவு மூடிய இருட்டில்.

மாவிலிருந்தே தொடங்கலாம். எடைக்கணக்கில் மூன்று பங்கு மைதா, இரண்டு பங்கு கொழுப்பு, ஒரு பங்கு தண்ணீர் என்பது அங்கே பழகிப்போன அளவு. அளவில் சிக்கல் இல்லை, வெண்ணெயின் நிலையில்தான் இருக்கிறது. குளிர்ந்த வெண்ணெயை மாவில் உதிர்த்துவிடும்போது பட்டாணி அளவுத் துணுக்குகள் அப்படியே நிற்க வேண்டும். வெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு கொழுப்பு, மீதி பெரும்பாலும் தண்ணீர். ஓவனில் துணுக்கு உருகி அந்தத் தண்ணீர் ஆவியாகும்போதுதான் மாவு ஏடு ஏடாகப் பிரிகிறது. கைச்சூட்டில் வெண்ணெய் முன்னதாகவே உருகி மாவோடு கலந்துவிட்டால் பிரிவதற்கு ஏடு இருக்காது. தண்ணீர் கூடினாலோ, பிசைவது நீண்டாலோ குளுட்டன் என்ற மாவுப் புரதம் வலுத்து, மாவு தேய்க்கும்போது பின்னுக்கு இழுக்கும், சுடும்போது சுருங்கும், சாப்பிடும்போது தோலாக இழுபடும். அதனால் தேர்ந்த கை சீக்கிரமே நின்றுவிடுகிறது. ஒரு பிடி எடுத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. பார்வைக்கு உதிரியாக, இன்னும் வேலை பாக்கியிருப்பதுபோல் இருக்கும். புதியவர் அந்தத் தோற்றத்தைக் கண்டு பயந்து இன்னும் இரண்டு கரண்டித் தண்ணீர் ஊற்றுகிறார். மாவு உடனே வழுவழுப்பாகத் திரண்டு வருகிறது, அவருக்கும் நிம்மதி. சப்பாத்திக்கோ பரோட்டாவுக்கோ பழகிய கைக்கு இது இன்னும் கடினம், ஏனென்றால் அங்கே நல்ல மாவின் அடையாளம் எதுவோ அதுவே இங்கே கெட்ட மாவின் அடையாளம்.

ஆப்பிளிடம் வந்தால் குழப்பம் இன்னும் கூடுகிறது. வெர்மான்ட் தோட்டங்களில் அக்டோபரில் கூடை கூடையாகக் கிடைப்பது மக்கின்டாஷ். பச்சையாகக் கடிக்க அருமையான பழம். ஓவனில் குழைந்து கூழாகிவிடும். நியூயார்க் மாநிலத்தில் தோன்றிய நார்தர்ன் ஸ்பை, ஆஸ்திரேலியாவில் பிறந்த கிரானி ஸ்மித் போன்றவை வெந்த பிறகும் துண்டு துண்டாக நிற்கும். எந்த ரகமானாலும் வேகும்போது நீர் விட்டுச் சுருங்கும். ஆப்பிளைக் குன்றாகக் குவித்து மூடிய பையில் மேல்மாவு குன்றின் வடிவத்திலேயே வெந்து இறுகிவிட, உள்ளே பழம் அமிழ்ந்து இரண்டுக்கும் நடுவே வெற்றிடம் விழுகிறது. விட்ட நீர் அடிமாவில் இறங்கி அது வேகாமல் சொதசொதவென்று கிடக்கிறது. வெட்டிப் பார்ப்பவர் இரண்டு பழியையும் மாவின் மேல் போட்டு, அடுத்த வாரம் வேறு மாவுக் குறிப்பைத் தேடுகிறார். பிழை பழத்தில் இருந்தது. 1998-இல் வெளிவந்த தன் பெரிய பை நூலில் ரோஸ் லெவி பெரன்பாம் சொல்லும் வழி இதைக் காட்டுகிறது: நறுக்கிய ஆப்பிளைச் சர்க்கரையில் ஊறவைத்து, விடும் சாற்றை வடித்து, வெண்ணெயோடு சுண்டக் காய்ச்சி மறுபடி பழத்தில் சேர்ப்பது. துண்டுகளை 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் சற்று நேரம் வைத்திருந்து ஆறவிடுவது இன்னொரு வழி. அந்தச் சூட்டில் பழத்திலுள்ள ஒரு நொதி பெக்டினை உறுதிப்படுத்துவதால் பிறகு அது எளிதில் குழையாது. இரண்டுமே, இருட்டில் நடக்கவிருந்ததைக் கண்ணெதிரே, பாத்திரத்தில், முன்கூட்டியே நடத்திவிடும் உத்திகள். 1915-இல் பைரெக்ஸ் கண்ணாடிப் பாத்திரங்கள் சந்தைக்கு வந்ததையும் நான் இந்த வரிசையில்தான் வைப்பேன். கண்ணாடித் தட்டைத் தூக்கிப் பார்த்தால் அடிமாவு பொன்னிறமாகிவிட்டதா என்று தெரிகிறது. பழகுபவருக்கு இதைவிடப் பெரிய உதவியை எந்தச் சமையல் நூலும் செய்ததில்லை என்பது என் எண்ணம்.

குறிப்புகள் ஏன் இந்த இடைநிலை அடையாளங்களைச் சொல்வதில்லை? அமெரிக்கர் எழுதி அமெரிக்காவில் அச்சான முதல் சமையல் நூலாகக் கருதப்படும் அமீலியா சிம்மன்ஸின் 1796-ஆம் ஆண்டு நூலில் ஆப்பிள் பை சில வரிகளில் முடிந்துவிடுகிறது. ஆப்பிளை வேகவைத்து வடிகட்டு, எலுமிச்சைத் தோல், பட்டை, ஜாதிபத்திரி, பன்னீர், ருசிக்கேற்ற சர்க்கரை சேர், மூன்றாம் எண் மாவில் (அந்நூலின் எண்ணிட்ட மாவுக் குறிப்புகளில் ஒன்று) வைத்துச் சுடு. எத்தனை டிகிரி என்ற பேச்சில்லை. செங்கல் அடுப்புக்குள் கையை நீட்டி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்தே சூட்டைக் கணித்த காலம் அது. வாசிப்பவளின் கைக்கு மீதி தெரியும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட வரிகள். அந்தக் கைகள் அருகியபோது குறிப்புகள் நீண்டன. ஆனால் நீண்டது பெரும்பாலும் எண்களால்தான்.

எண்களே போதும் என்று வாதிடுபவர்கள் உண்டு. எடைபோட்டு, வெப்பமானி வைத்துச் செய்தால் கை எதற்கு என்பார்கள். எடைபோடுவதை நானும் வலியுறுத்துவேன். ஒரு கப் மைதா அள்ளும் விதத்தைப் பொறுத்து 120 கிராமும் இருக்கும், 150 கிராமும் இருக்கும். ஆனால் எந்தத் தராசும் இந்த வாரத்து ஆப்பிளில் எவ்வளவு சாறு என்று சொல்லாது. எண்களே போதும் என்ற வாதத்துக்கு வலுவான சான்றாகக் காட்டப்படுவது 2007-இல் குக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையில் கென்ஜி லோபஸ்-ஆல்ட் முன்வைத்த உத்தி: தண்ணீரில் ஒரு பகுதிக்குப் பதில் வோட்கா. அதில் 40 சதவீதம் ஆல்கஹால். ஆல்கஹாலில் குளுட்டன் உருவாகாது. ஆகவே ஈரம் கூடினாலும் மாவு இறுகாது. அழகான கண்டுபிடிப்பு, நன்றாக வேலையும் செய்கிறது. ஆனால் அது பிழையை மன்னிக்கிறதே தவிர, பிழை எது என்று காட்டுவதில்லை. வோட்கா இல்லாத நாளில் பழகுபவர் தொடங்கிய இடத்திலேயே நிற்பார்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. வீட்டுப் பெண்ணின் கூலியில்லா உழைப்பைக் கைத்தொழில் என்று போற்றுவது அந்த உழைப்பின் கட்டாயத்தை மறைக்காதா? மறைக்கும் ஆபத்து உண்டு. சிம்மன்ஸ் காலத்துப் பெண்கள் விரும்பியதால் மட்டும் அடுப்புக்குள் கை நீட்டவில்லை. கடையில் உறைய வைத்த மாவு கிடைத்தபோது அதை வாங்கிக்கொண்டவர்கள் எதையும் இழந்ததாக நான் சொல்ல மாட்டேன். பை சாப்பிட வேண்டும் என்றால் அதுவே நேர்வழி. ஆனால் கட்டாயத்தில் பிறந்தது என்பதால் அந்த அறிவு அறிவாக இல்லாமல் போய்விடாது. அதைக் கைத்தொழில் என்று கணக்கில் எடுக்க மறுத்ததும் அந்தப் பெண்களுக்கு இழைத்த அநீதிதான். இன்று ஆணோ பெண்ணோ ஒருவர் தாமாக விரும்பிப் பழக வரும்போது, அவர் கற்பதை ஓய்வுநேர விளையாட்டு என்று ஒதுக்கினால் அதே அநீதி தொடர்கிறது.

ஆகவே பழகுபவருக்கு நான் சொல்வது இதுதான்: குறிப்பை மாற்றாதீர்கள். ஒரே ரக ஆப்பிள், ஒரே தட்டு, ஒரே மாவு. ஐந்தாறு வாரம் அதே பை. அதற்குப் பிறகு மாற்றினாலும் ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தண்ணீரை நிறுத்திய கணத்தில் மாவு எப்படி இருந்தது என்று அன்றே ஒரு வரி எழுதி வையுங்கள். மாலையில் சாப்பிடும்போது அந்த வரி வேண்டியிருக்கும். அடிமாவின் நிறம் கண்ணாடி வழியே தெரியும். பழம் வெந்துவிட்டதா என்பதை மேல்மாவில் கீறிய பிளவுகள் காட்டும்: ஓரத்தில் மட்டும் அல்ல, நடுப்பிளவிலும் சாறு கொதித்து வர வேண்டும். முதலில் அது தண்ணீராக, சிறு சிறு குமிழிகளாகப் பொங்கும். அப்போது எடுத்தால், சாற்றை இறுக்கப் பழத்தில் சேர்த்த சோளமாவு வேகாமல் சாறு ஓடும். குமிழி பெரிதாகி, பாகுபோல் மெதுவாக எழுந்து மெதுவாக உடையும்போது எடுக்கலாம். பிறகு மூன்று, நான்கு மணி நேரம் கத்தி வைக்கக் கூடாது. சாறு இறுகுவது அந்த நேரத்தில்தான்.