மாரண்டஹள்ளியில் மக்கர் செய்த அடுப்பு

சேலத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போகிறவர்களில் எத்தனை பேர் மாரண்டஹள்ளி ஸ்டேஷனை நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்? தருமபுரி போய், பாலக்கோடு போய், ராயக்கோட்டை வருவதற்குள் வந்துவிடுகிற ஊர் அது. ஜன்னலோரம் இடம் கிடைத்தவர்களுக்குத் தென்னை மரங்களும் தக்காளித் தோட்டங்களும் தூரத்து மலையும் கண்ணில் படும். பெயரின் வாலில் ஒட்டிக் கொண்டிருக்கும் 'ஹள்ளி' கன்னடம். கிராமம் என்று அர்த்தம். ஆனால் இன்று அது பேரூராட்சி. பேச்சு தமிழ்தான் என்றாலும், கடைத்தெருவில் பத்து நிமிஷம் நின்றால் கன்னடமும் தெலுங்கும் காதில் விழுந்துவிடும்.

நான் போனது பஞ்சப்பள்ளிக்குப் பக்கத்திலுள்ள சின்னாறு அணையைப் பார்க்க. பார்த்தேன்; தண்ணீரும் மலையும் வெகு அழகு. அதைப் பற்றி இன்னொரு சமயம் எழுதுகிறேன். அதைவிட உங்களுக்குப் பிரயோஜனமான சமாசாரம் ஒன்று ஊருக்குள், நான் தங்கிய வீட்டுச் சமையலறையில் கிடைத்தது.

அந்த வீட்டில் வயதான அம்மாள் ஒருவர். கண் பார்வை மங்கல். மகனும் மருமகளும் காலை ரயிலைப் பிடித்து ஓசூருக்கு வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். ஒருநாள் அம்மாள் காஸ் அடுப்பைச் சரியாக அணைக்காமல் விட்டுவிட்டார். அக்கம்பக்கத்தார் ஓடி வந்து காப்பாற்றினார்கள். அன்றைக்கே மகன் ஒரு மைக்ரோவேவ் அடுப்பை வாங்கி வந்து, காஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிட்டுத்தான் வேலைக்குப் போவது என்று வைத்துக் கொண்டார். மருமகள் காலையில் செய்து வைக்கும் சோற்றையும் குழம்பையும் அம்மாள் மத்தியானம் அதில் வைத்து, ஒரே ஒரு பொத்தானை அமுக்கிச் சூடு பண்ணிச் சாப்பிடுவார். அந்தப் பொத்தான்தான் நான் போவதற்கு மூன்று நாள் முன்னால் வேலை செய்ய மறுத்துவிட்டது!

"அமுக்கினா கீச்சுனு ஒரு சத்தம் போடுது தம்பி, அவ்வளவுதான். மூணு நாளா பச்சைத் தண்ணி மாதிரி சோறு" என்றார் அம்மாள். மூன்றாம் நாள் தாமே ரெகுலேட்டரைத் தடவித் திறக்கப் பார்த்தாராம். மருமகள் அதைச் சொல்லும்போது அவர் குரல் நடுங்கிற்று.

கம்பெனியின் சர்வீஸ் ஆட்களுக்குப் போன் செய்தால், "அடுத்த வாரம் வருகிறோம், இல்லையென்றால் நீங்களே கொண்டு வாருங்கள்" என்று பதில். பதினைந்து கிலோப் பெட்டியைப் பஸ்ஸில் தூக்கிக் கொண்டு போகிறவர் யார்? கடைசியில், கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்காரர் ஒருவர் வந்தார். மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் பார்ப்பவர். மைக்ரோவேவும் பழகியிருக்கிறார்.

வந்தவர் திருப்புளியை எடுக்கவே இல்லை! முதலில் அதே பிளக் பாயிண்டில் இஸ்திரிப் பெட்டியைச் சொருகிப் பார்த்தார், சூடாயிற்று. கரண்டு வருகிறது. சிறிய பாயிண்டிலோ எக்ஸ்டென்ஷன் வயரிலோ இந்த அடுப்பைப் போடவே கூடாதாம். ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுப்பதால் 16 ஆம்பியர் பாயிண்ட்தான் வேண்டும். அடுத்து, குழந்தைகள் தொடாமலிருக்கப் போடும் பூட்டு தவறி விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். பல அடுப்புகளில் 'ஸ்டாப்' பொத்தானைச் சில விநாடி விடாமல் அமுக்கினால் பூட்டு விழும். அதே மாதிரி அமுக்கினால் விடும். துடைக்கும்போது கை பட்டே பூட்டிக் கொள்கிறது. இது தெரியாமல் மெக்கானிக்குக்குப் பணம் அழுதவர்கள் உண்டு. பிறகு கதவோரத்தை ஈரத் துணியால் துடைத்து, அழுத்திச் சாத்திப் பார்த்தார். ஊஹூம்.

"உள்ளே விளக்கு எரியுது, மணி காட்டுது. அப்போ ஃபியூஸ் நல்லாத்தான் இருக்கு. கதவு சுவிட்சுதான் அம்மா" என்றார்.

இந்த அடுப்புக்குக் கதவுதான் உயிர்நாடி. உள்ளே இருப்பது யுத்த காலத்து ரேடாரின் வாரிசு. 1945-ல் அமெரிக்காவில் பெர்ஸி ஸ்பென்ஸர் என்பவர் ரேடாருக்கான மாக்னட்ரான் குழாய் அருகே நின்றபோது சட்டைப் பையிலிருந்த சாக்லேட் உருகிற்று என்பார்கள். 1947-ல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஆள் உயரம், முந்நூறு கிலோவுக்கு மேல் கனம்! அந்த அலைகள் வெளியே வராமலிருக்கக் கதவு முழுதாகச் சாத்தியிருக்க வேண்டும். அதைக் கவனிக்கச் சட்டத்துக்குள் பட்டாணி டப்பி போல இரண்டு, மூன்று சின்னஞ்சிறு சுவிட்சுகள் உட்கார்ந்திருக்கின்றன. அவை எல்லாம் 'சரி' என்றால்தான் அடுப்பு கிளம்பும். ஒன்று தேய்ந்தாலும் கீச்சு மட்டும்தான். அவற்றில் ஒன்று கண்காணிப்பவன். மற்றவை ஒட்டிக் கொண்டால், வேண்டுமென்றே ஃபியூஸை எரித்து அடுப்பையே அணைத்துவிடும். ஆகவே ஃபியூஸ் போன அடுப்புக்கு வெறும் ஃபியூஸ் மாற்றிவிட்டுப் போகிறவரை நம்பாதீர்கள். ஏன் போயிற்று என்று கேளுங்கள். கம்பியைச் சுற்றி ஒப்பேற்றுகிறவரை வாசற்படி ஏற விடாதீர்கள்.

மூடியைக் கழற்றும் நேரம் வந்தது. மகன் ஆவலோடு குனிந்தார். மெக்கானிக் அவரைக் கையால் ஒதுக்கினார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கப்பாஸிட்டர் என்ற டப்பாவில் 2000 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். அதை முறைப்படி இறக்கிவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் அவர் கை உள்ளே போயிற்று. ஆண்பிள்ளைகளுக்குத் திருப்புளியைக் கண்டால் வரும் வீரத்தை இந்த ஒரு பெட்டியிடம் காட்ட விடாதீர்கள், அம்மணிகளே! மின்சாரம் என்றால் என்ன என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளிக்கு அருகே தோட்டத்து வேலியில் சட்ட விரோதமாக விட்டிருந்த கரண்டில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள்தான் பிழைத்தன. "யானையையே சாய்ச்சுது சார்" என்று சொல்லிக் கொண்டேதான் அவர் வேலை பார்த்தார்.

பழைய சுவிட்சை எடுத்துக் காட்டினார். அதன் நாக்கு ஒருபுறம் தேய்ந்திருந்தது. கூடவே செத்த கரப்பான் ஒன்றும் விழுந்தது. சமையலறைச் சூட்டுக்கும் வாசனைக்கும் அவை பின்புறத் துளை வழியாகக் குடிவந்துவிடுமாம். அடுப்பின் பின்புறத்தையும் அவ்வப்போது துடைத்து வையுங்கள். சுவிட்சின் விலை அற்பம். அவர் கூலியும் நியாயம்.

உத்தரவாதக் காலம் முடியாத அடுப்பானால் இப்படி வெளி ஆளை விட்டுத் திறக்கச் சொல்லாதீர்கள், உத்தரவாதம் போய்விடும். கம்பெனி இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. போன் செய்து புகார் பதியலாம். பழுது பார்க்கும் விவரங்களுக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளமே தொடங்கியிருக்கிறது.

மூடியைப் பூட்டியதும், வெறும் அடுப்பை ஓட்டக் கூடாது என்று மெக்கானிக் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்தார். அம்மாளையே பொத்தானை அமுக்கச் சொன்னார். தட்டு சுழன்றது. ஒரு நிமிஷம் கழித்துத் தம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டு அம்மாள், "மத்தியானக் குழம்பு எடுத்து வைங்க" என்றார்.