பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே

அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக்குகளைப் புதுப்பிப்பதற்கென்றே பட்டறைகள் உண்டு. அங்கே அதிகம் வந்து நிற்பவற்றில் ஒன்று அறுபதுகளின் செவ்ரோலெட் சி-10. இந்த வண்டிக்கு முன்சக்கர டிஸ்க் பிரேக் கம்பெனியிலேயே பொருத்தப்பட்டு வந்தது 1971-இல்தான். அதற்கு முந்தையவை நான்கு சக்கரத்திலும் டிரம். முன்னால் டிஸ்க் போட்டு பூஸ்டரும் வைத்துக் கொடுங்கள் என்றுதான் வண்டிக்காரர்கள் கேட்கிறார்கள். வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்ததில் எனக்குப் பட்டது வேறு. டிஸ்க் மாட்டுவது இதில் சுலபமான பகுதி. மிதித்த அழுத்தம் எந்தச் சக்கரத்துக்கு எப்போது, எவ்வளவு போகிறது என்பதில்தான் வண்டி நிற்பதும் வழுக்குவதும் இருக்கிறது. மெக்கானிக்கின் திறமை அங்கேதான் செலவாகிறது.

டிரம் பிரேக்கைக் கழற்றி எறிகிற அவசரத்தில் அதன் கெட்டிக்காரத்தனம் மறந்துபோகிறது. ஷூ உரசியதுமே சுழலும் டிரம் அதைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்கிறது. முதல் ஷூ வாங்கிய விசை இரண்டாவதற்கும் கடத்தப்படுகிறது. பூஸ்டர் இல்லாத காலத்தில் வெறும் காலால் கனமான வண்டியை நிறுத்த முடிந்தது இதனால்தான். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. பேடுகள் இரண்டு பக்கமும் பிடிக்கின்றன, அவ்வளவே. ஆகவே பல மடங்கு அழுத்தம் வேண்டும், அதற்குப் பூஸ்டர் வேண்டும். பூஸ்டரோ எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தில் ஓடுவது. அதனால் அனுபவசாலி முதலில் சக்கரத்தைத் தொடுவதில்லை, எஞ்சினில் வேக்குவம் கேஜைச் செருகுகிறார். 18 அங்குலப் பாதரசம் அளவுக்கு இருந்தால் கவலையில்லை. உறுமல் சத்தத்துக்காக கேம்ஷாஃப்ட் மாற்றிய எஞ்சினில் அது வெகுவாகக் குறைந்துவிடும். அங்கே பூஸ்டர் வெறும் தகர டப்பாதான். பெடலின் நெம்புகோல் விகிதமும் பூஸ்டரோடு சேர்ந்தே மாற வேண்டும். பூஸ்டர் இல்லாதபோது ஆறுக்கு ஒன்று என்று இருப்பது, வைத்தபின் நாலுக்கு ஒன்று அளவில் போதும். மாற்றாவிட்டால் லேசாகக் கால் வைத்தாலே வண்டி குத்திட்டு நிற்கும்.

மாஸ்டர் சிலிண்டரில் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. 1966 வரையிலான சி-10-இல் அதற்கு ஒரே அறை. எங்கே கசிந்தாலும் நான்கு சக்கரமும் பிரேக் இழக்கும். 1967-இல்தான் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை வந்தது. டிரம்முக்கான பைப்பில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை எப்போதும் தேக்கிவைக்க ஒரு சின்ன வால்வு உண்டு. அது இருக்கிற சிலிண்டரிலேயே டிஸ்க்கை இணைத்தால் பேடு விலகாமல் உரசிக்கொண்டே சூடேறும். பின்னால் டிரம் அப்படியே இருப்பதால், அதன் ஸ்பிரிங் இழுவையைத் தாண்டி ஷூ விரியும்வரை முன் டிஸ்க்கைச் சற்றுத் தாமதிக்க ஒரு வால்வு. அழுத்தி மிதிக்கும்போது பின்சக்கரம் பூட்டிக்கொள்ளாதிருக்க, பின்பக்க அழுத்தத்தைக் குறைக்க இன்னொன்று. பார்வைக்கு ஒரு பித்தளைத் துண்டு. வண்டியின் பின்பகுதி சுழன்று திரும்புவதும் திரும்பாததும் அதைப் பொறுத்தது.

எல்லாம் கிட்டாகவே விற்கும்போது கைத்தொழில் எங்கே வந்தது என்று கேட்கலாம். கிட் ஒரு சராசரி வண்டிக்காகச் செய்தது. 1970 வரை இந்த வண்டிக்குச் சக்கரத்தில் ஆறு போல்ட், 1971 முதல் ஐந்து. முன்னால் பிந்தைய பாகங்களைப் போட்டால் பின்னால் ஆறாகவே நிற்கும், ஸ்டெப்னி ஒரு பக்கத்துக்குத்தான் பொருந்தும். இடது வலது கேலிப்பர் மாறிப்போனால் ஏர் எடுக்கும் நிப்பிள் கீழே போய்விடும். உள்ளே சிக்கிய காற்று எத்தனை முறை மிதித்தாலும் வெளியேறாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரசர் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கிற பழக்கமும் எந்தப் பெட்டியிலும் வருவதில்லை.

கனமான ஆட்சேபம் இன்னொன்று: நல்ல டிரம்மே சக்கரத்தைப் பூட்டிவிடும், டயரின் பிடிப்பைத் தாண்டி எந்த பிரேக்கும் நிறுத்தாது, பிறகு எதற்கு இந்தச் செலவு? சமதரையில் ஒரே ஒரு முறை நிறுத்துவதற்கு இந்த வாதம் சரி. டிரெய்லரை இழுத்துக்கொண்டு நீண்ட இறக்கத்தில் இறங்கும்போது சரியில்லை. சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது, பெடல் ஆழமாகப் போகிறது. லைனிங்கின் உராய்வும் குறைகிறது. தண்ணீரில் நனைந்த டிரம் ஒரு பக்கமாக இழுக்கும். டிஸ்க் திறந்திருப்பதால் சீக்கிரம் ஆறுகிறது, சுழற்சியில் தண்ணீரை உதறிவிடுகிறது. ஆனாலும் கண்காட்சிக்கும் ஞாயிற்றுக்கிழமை உலாவுக்கும் மட்டும் போகிற வண்டிக்கு, இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரும் புது லைனிங்கும் போதும் என்றே நினைக்கிறேன். அதைச் சொல்லி வருமானத்தைக் குறைத்துக்கொள்ளும் பட்டறையை நம்பலாம்.

டிஸ்க் போட்ட வண்டிக்கும் கடைசிச் சரிக்கட்டல் பாக்கி. திருகு வைத்த பின்பக்க வால்வை, காலி இடத்தில் வண்டியை ஓட்டி நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி அமைக்கிறார்கள். பின்தொட்டி காலியாக இருக்கும்போது அமைத்தது, சுமை ஏறியதும் பின் பிரேக்கை முழுதாகப் பயன்படுத்தாது. சுமைக்கேற்ப அமைத்தால் காலி வண்டி வழுக்கும். பெரும்பாலும் காலியாக ஓடும் வண்டி என்பதால் முதலாவதையே தேர்ந்து, பாரம் ஏற்றினால் தூரம் விட்டு ஓட்டும்படி சாவி கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறார்கள்.