மல்லிக் பஜாரில் ஒரு வேகமானி

2001ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா என வழங்கினும், நம்மவர் நாவில் இன்றும் கல்கத்தாவாகவே விளங்கும் இந்நகரில், லேக் மார்க்கெட்டை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. மல்லிக் பஜாரை அறிந்தவர்களோ சிலரே. பார்க் தெருவும், முன்னாளில் லோயர் சர்குலர் ரோடு எனப்பட்ட ஜகதீச சந்திர போஸ் சாலையும் கூடும் நாற்சந்தியை ஒட்டியது அவ்விடம். வங்கக் கவி மைக்கேல் மதுசூதன தத்தர் துயிலும் கல்லறைத் தோட்டம் அருகே உள்ளது. 1767இல் திறக்கப்பெற்ற சவுத் பார்க் தெருக் கல்லறையும் தொலைவில் இல்லை. மனிதர் அமைதியாக உறங்கும் இச்சூழலில், மாண்ட மோட்டார் வண்டிகளுக்கு மட்டும் உறக்கமில்லை. அவற்றின் கதவும் விளக்கும் கண்ணாடியும் வேறு வண்டிகளில் மறுபிறவி எடுக்கும் சந்தை இது.

நம் அன்பர் ஒருவருடன் ஒரு ஞாயிறு தவிர்ந்த நாளில் அங்குச் சென்றோம். அவருடைய தந்தையார் வாங்கி ஓட்டிய பழைய அம்பாசடர் கார் ஒன்று, அப்பெரியவர் மறைந்தபின் பல்லாண்டு கொட்டகையில் கிடந்தது. உத்தரபாராவில் 1950களின் பிற்பகுதியில் பிறந்து, 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்ற இனம் அது. பழைய எஞ்சின் பழுது நீக்க இயலாத நிலையில் இருந்தமையால், 1990களின் அம்பாசடர் ஒன்றிலிருந்து இசுசு எஞ்சினையும் அதற்குரிய ஐந்து கியர்ப் பெட்டியையும் எடுத்துப் பொருத்தினார் அன்பர். தந்தையின் வேகமானியை மட்டும் மாற்றவில்லை. அதில் 61,482 மைல் என்று எண்கள் நின்றிருந்தன. அவ்வளவும் தந்தையார் ஓட்டிய தூரம்.

டயமண்ட் ஹார்பர் சாலையில் முதல் ஓட்டம் நிகழ்ந்தது. கிலோமீட்டர்க் கற்கள் பதினாறு கடந்தபின், அதாவது பத்து மைல் ஓடியபின், மானியில் கூடிய தூரம் ஆறு மைலைச் சற்றே தாண்டியிருந்தது. பெட்ரோல் காட்டும் ஊசியோ விந்தையிலும் விந்தை: தொட்டி வற்ற வற்ற நிறைவை நோக்கி ஏறிற்று! குழந்தைகளை ஏற்றிக்கொண்டு வெளியூர் செல்ல எண்ணியிருந்த அன்பர், அன்றே வண்டியை நிறுத்திவிட்டார்.

பஜாரில் மானிகளுக்கென்றே அமைந்த கடைகள் சில உள. சுவரெங்கும் வட்ட முகங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஊசி வெவ்வேறு இடத்தில் நின்று நம்மை நோக்கும். முதற்கடையில் கிலோமீட்டர் எழுதிய அழகிய டயல் ஒன்றை எடுத்து, "ஓட்டைக்குச் சரியாக அமையும்" என்றார் இளைஞர். அளவு என்னவோ அமைந்தது. ஆயினும் அடுத்த கடையின் முதியவர், அன்பர் "சாச்சா" என்று அழைத்தவர், சிரித்தார். "சாகேப், மீட்டர் ஓட்டைக்கு உறவன்று, கியர்ப் பெட்டிக்கும் சக்கரத்திற்கும் உறவு" என்று இந்தியில் அவர் சொன்ன சொல்லே நாம் அன்று கற்ற பாடம்.

தந்தையின் டயலைத் துடைத்து, கண்ணாடியின் கீழ் விளிம்பில் எறும்பளவு எழுத்தில் இருந்த 1600 என்ற எண்ணைக் காட்டினார் சாச்சா. ஸ்மித்ஸ் வகை மானிகளில், வரிசை எண்ணை அடுத்து இத்தகைய எண் ஒன்று இருக்கும். வண்டி ஒரு மைல் செல்லும்போது கேபிள் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதே அதன் பொருள். கிலோமீட்டர் டயலாயின், கிலோமீட்டருக்குரிய சுற்று எண் இருக்கும், அதனை 1.609ஆல் பெருக்கினால் மைல் கணக்குக் கிட்டும். ஊசியின் அழகையும் வளையத்தின் பளபளப்பையும் காண்போர் பலர். இவ்வெண்ணைக் காண்போரே பொருத்தம் அறிந்தவர்.

டயலின் எண் தெரிந்தது. வண்டியின் எண் தெரிய வேண்டாவா? அதற்கும் வழி சொன்னார். கடையின் பின்புறச் சந்தில் வண்டியை நிறுத்தி, கேபிளை மானியிலிருந்து கழற்றி, அதன் உள்கம்பி நுனியில் அட்டைத் துண்டு ஒன்றைக் கொடிபோல் செருகினோம். கியரை நடுநிலையில் வைத்து, பின்சக்கரம் சரியாக ஆறு சுற்றுச் சுற்றும்வரை வண்டியை நேராகத் தள்ளினோம். கொடி ஏழு சுற்றும், எட்டில் ஐந்து பங்கும் சுற்றிற்று. சக்கரத்தின் நடுவிலிருந்து தரைவரை அளந்தால் பன்னிரண்டரை அங்குலம். சுற்றை 1680ஆல் பெருக்கி, அங்குலத்தால் வகுக்க வேண்டும் என்பது கணக்கு. விடை 1025. கிலோமீட்டருக்கு 637 என்பது அதுவே. ஜப்பானியக் கருவிகளில் பெரிதும் வழங்கும் எண்ணும் 637தான்.

இதன் பொருளை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். 1600 கேட்கும் டயலுக்கு 1025 மட்டுமே கிட்டுகிறது. ஊசி 40 மைல் காட்டும்போது வண்டி உண்மையில் 62½ மைல், அதாவது ஏறக்குறைய 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். மெதுவாகப் போகிறோம் என்று நம்பி விரைவதைவிடப் பெரிய ஆபத்து சாலையில் வேறெது?

பெட்ரோல் மானியின் மர்மமும் உடனே துலங்கிற்று. எப்.ஜி. என்னும் எழுத்துடைய பழைய வகையில், சாவியைத் திருப்பிய கணமே ஊசி துள்ளி நிற்கும், பி.எப். என்னும் எழுத்துடைய பிற்கால வகையில் வெப்பத்தால் வளையும் தகடு இருப்பதால், ஊசி சோம்பலுடன் மெல்ல ஏறும். இப்பின்னதற்குப் பத்து வோல்ட் அளவாய்த் தரும் நிலைப்படுத்தி ஒன்றும் வேண்டும். அன்பரின் வண்டியிலோ தொட்டிக்குள் மிதவைக் கருவி பழையது, டாஷ்போர்டில் மானி புதியது. பழைய மிதவை, தொட்டி வெறுமையாகும்போது மின்தடையைக் குறைக்கும். புதிய மானியோ தடை குறைந்தால் நிறைவு என்று கொள்ளும். இருவரும் தத்தம் மொழியில் உண்மையே பேசினர், மொழிதான் வேறு. சாச்சா ஒரு பெட்டியைக் கிளறி, பழைய எப்.ஜி. மானி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

வேகமானிக்கு வழி மூன்று. 637 எண்ணுடைய வேறு டயல் வாங்கலாம். தந்தையின் எண்கள் போய்விடும். டயலைப் பிரித்து, ஊசியைத் தடுக்கும் மெல்லிய சுருள்வில்லைத் திருத்தலாம். வேகம் சரியாகும், ஆனால் தூர எண்கள் தனிப் பற்சக்கரத்தால் ஓடுவன ஆதலின், அவை பொய்யே சொல்லும். மூன்றாவது, கேபிளின் இடையே சிறு பற்சக்கரப் பெட்டி ஒன்றை வைத்து, கேபிள் ஒரு சுற்றுச் சுற்றும்போது டயலுக்கு 1.56 சுற்றுத் தருவது. செலவு மிகுதிதான். அன்பர் ஒரு கணமும் தயங்கவில்லை. "அப்பா ஓட்டிய மைலின்மேல் என் மைல் சரியாக ஏறவேண்டும்" என்றார். பக்கத்துக் கடைசல் பட்டறையில் பெட்டி செய்யப்பெற்றது. இரு வாரத்திற்குப்பின் அதே சாலையில், பதினாறு கற்களுக்கு எண்கள் பத்து மைல் நகர்ந்தன.

பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள், மல்லிக் பஜாருக்கோ, தம் ஊரிலுள்ள அத்தகைய சந்தைக்கோ செல்லுமுன், டயலின் எண்ணையும் வண்டியின் எண்ணையும் தாளில் குறித்துக்கொண்டு செல்க. பழைய மானியையும் துணியில் சுற்றி உடன் எடுத்துச் செல்க. எஞ்சினையோ கியர்ப் பெட்டியையோ டயரின் அளவையோ மாற்றியோர், நெடும்பயணத்திற்கு முன் சாலைக் கற்களோடு மானியை ஒருமுறை ஒப்பிட்டு நோக்குவது இன்றியமையாதது. கல் பொய் சொல்வதில்லை. அதற்கு ஊசியும் இல்லை.