பார்வை வாத்து

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. இரண்டு புள்ளிமூக்கு வாத்துகள் இறக்கையை விரித்து, ஆரஞ்சுக் கால்களை முன்னால் நீட்டி, தண்ணீரைத் தொட ஒரு சாண் இருக்கும்போது எடுத்தது. கறுப்பு அலகின் நுனியில் இருக்கும் மஞ்சள், அலகின் அடியில் பொட்டு வைத்தாற்போல் இருக்கும் சிவப்பு எல்லாம் துல்லியமாகத் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள், "எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?" என்று கேட்பார்கள். "நாலு மணி நேரம்" என்பேன். பொய். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த இருபது நிமிஷத்தைத்தான் எழுதப் போகிறேன்.

2022-இல் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு, சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சர் அந்தஸ்து கிடைத்தது. தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏரிக்கரைக்கு ஏரிக்கரை பெரிய லென்ஸும் கையுமாக ஆட்கள் நின்றார்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்துகொண்டு நான் மட்டும் சும்மா இருக்க முடியுமா? தவணையில் ஒரு லென்ஸ் வாங்கினேன். விலை 1,30,000 ரூபாய். வீட்டில் சொன்னது 40,000. இதுவும் வாக்குமூலத்தில் சேரட்டும்.

பெரும்பாக்கம் ஏரியில் தாழைக்கோழியும் நாமக்கோழியும் சாலையோரம் வரை வந்து போஸ் கொடுக்கும். வாத்துகள் மட்டும் நடு ஏரியில், கடுகு தாளித்துக் கொட்டினாற்போல் புள்ளி புள்ளியாகக் கிடக்கும். இரண்டு மாசம் நான் எடுத்ததெல்லாம் கடுகுதான். பறவைப் படக் குழுவில் போட்டால் யாரோ ஒருவர் கட்டைவிரல் உயர்த்துவார், அவ்வளவே.

அப்போதுதான் அமெரிக்க வாத்து வேட்டைக்காரர்களின் வீடியோக்கள் கண்ணில் பட்டன. புதிதாக வேட்டைக்கு இறங்குகிறவன் எந்தப் பொம்மை வாத்தை வாங்கலாம், எது மலிவு, எது உழைக்கும் என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அங்கே உரிமம் வாங்கி, பருவம் பார்த்துச் சுடலாம். இங்கே 1972-இன் வனவிலங்குச் சட்டத்தில் மிச்சமிருந்த வேட்டை உரிமங்களையும் 1991-இல் எடுத்துவிட்டார்கள். நான் என்ன சுடவா போகிறேன், படம்தானே எடுக்கப் போகிறேன் என்று ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பார்த்தேன்.

வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். நம்மூர் மார்கழி வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது என்றால் பொம்மைகளை லாட வடிவில் மிதக்கவிட்டு, திறந்த வாயைத் தென்மேற்கே வைக்க வேண்டும். நடுவில் இறங்க இடம் விட வேண்டும். பொம்மைக்கு அடியில் கத்தி மாதிரி ஒரு தகடு இருக்கும். அதில் கனம் இருந்தால் காற்றுக்குக் கவிழாது. பெயிண்ட் பளபளக்கக் கூடாது. இத்தனையும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் மனப்பாடம் செய்தேன். ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் லென்ஸுக்குக் கொட்டியவனுக்குப் பொம்மைக்குக் காசு செலவழிக்க மட்டும் மனசு வரவில்லை.

முதலில் தெர்மாகோலில் செதுக்கினேன். மொட்டை மாடியில் உட்கார்ந்து எனாமல் பெயிண்ட் அடித்தேன். அடித்த இடமெல்லாம் புஸ்ஸென்று கரைந்து, சாயங்காலம் பார்த்தால் வாத்துக்கு முதுகே இல்லை. பிறகு இரண்டு லிட்டர் சோடா பாட்டில்கள். அவை வாத்தாக அல்ல, ஏரியில் குப்பையாகவே மிதந்தன. கடைசியில் இருப்பதிலேயே மலிவாகப் பார்த்து, ஒன்று 450 ரூபாய் என்று ஆறு பிளாஸ்டிக் வாத்து வரவழைத்தேன். பச்சைத் தலை, கழுத்தில் வெள்ளை வளையம். மல்லார்ட் என்கிற ஜாதி. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு வருமே தவிர தமிழ்நாட்டுப் பக்கம் அபூர்வம். நம் ஏரிக்கு வரும் நீலச்சிறகிக்கும் ஊசிவால் வாத்துக்கும் பழக்கமான ஆறு உருவங்களை மிதக்கவிட வேண்டியவன், ஊர்த் திருவிழாவில் ஆறு வெள்ளைக்காரர்களை நிறுத்திவைத்தேன்.

அமெரிக்காவின் நெவாடாவில் லவ்லாக் என்றொரு குகை. அங்கே 1924-இல் கோரைப்புல்லால் முடைந்த பொம்மை வாத்துகள் கிடைத்தன. வயது ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷம். காசு செலவில்லாமல் கோரையை முடைந்து, எந்த வாத்து வேண்டுமோ அதே ஜாதியைச் செய்திருக்கிறார்கள். இன்னொரு கோடியில், எல்மர் குரோவெல் என்பவர் செதுக்கிய மர வாத்து ஒன்று 2007-இல் பத்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. என்னுடையது இரண்டிலும் சேர்த்தியில்லை.

அகரம்தென்னைத் தாண்டி ஒரு சின்ன ஏரி, பெயர் வேண்டாம். அங்கே மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் மூன்று நாளாக என் ஆறு வாத்துகளையும் என்னையும் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் இரண்டு பொம்மைகள் காற்றில் குப்புறக் கவிழ்ந்து கிடந்தன.

"இன்னா சார் இது, பொம்மையா?"

"தாராவைக் கிட்ட வரவழைக்கத்தான், பெரியவரே."

"பார்வை வெக்கிறீங்களா? பார்வைன்னா உசுரு இருக்கணும் சார். கத்தணும். இதுங்க கத்துமா?"

பார்வை. அந்தச் சொல்லைக் கேட்டதும் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். காஞ்சியை ஆண்ட திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், வேட்டுவர்களான எயினர் வீட்டு முற்றத்து விளாமரத்தில் பார்வை மானைக் கட்டிவைத்திருப்பார்கள். மற்ற மானைப் பிடிக்கப் பழக்கிய மான் அது. கல்லூரியில் படித்து, உரைநூலிலேயே விட்டுவிட்டு வந்த சொல் இந்தத் தொண்டை நாட்டில் இன்னும் மாடு மேய்த்துக்கொண்டிருந்தது. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார்: அவர் அப்பா காலத்தில் தண்ணீரில் மண்சட்டிகளை மிதக்க விடுவார்களாம். வாத்துகளுக்குச் சட்டி பழகியதும், ஓட்டை போட்ட ஒரு சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நடந்து, அடியிலிருந்து காலைப் பிடித்து இழுத்துவிடுவார்களாம். "மடையானைப் பார்வைக்கு வெச்சா கண்ணைத் தெச்சிருவாங்க சார், பறந்துறாம இருக்க" என்றார். பார்வைக்குக் கண்ணைத் தைப்பது. அதைக் கேட்டு எனக்கு வயிற்றைப் பிசைந்தது என்று எழுத ஆசை. உண்மையில் எனக்குத் தோன்றியது வேறு: உயிருள்ள வாத்து என்ன விலை இருக்கும்?

அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்க்க வந்திருந்தவரிடம் 300 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். பெட்டையாகக் கேட்டு வாங்கினேன். ஆணுக்குத் தொண்டை கட்டிய குரல். பெட்டைதான் ஊரைக் கூட்டும். வீட்டு வாத்துக்கு மூதாதை அந்தப் பச்சைத் தலை மல்லார்ட். அதன் நெருங்கிய பங்காளிதான் நம் புள்ளிமூக்கு வாத்து. குரலும் ஏறக்குறைய ஒன்று. ஆறு பிளாஸ்டிக்கை விட இது மலிவு என்று மறுபடியும் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்குப் புத்தி என்னை விட்டுப் போகவே இல்லை.

இடது காலில் நைலான் கயிறு, மறுமுனையில் செங்கல். விடிகாலை ஐந்தே முக்காலுக்கு அதைத் தண்ணீரில் விட்டு, சம்புக்குள் பதுங்கினேன். கொஞ்ச நேரம் அது பாட்டுக்கு இறகைக் கோதியது. பிறகு கத்த ஆரம்பித்தது. நிறுத்தவே இல்லை. ஆகா, காசுக்கு மோசமில்லை என்று நினைத்தேன். தலைக்கு மேல் இரண்டு புள்ளிமூக்கு ஒரு வட்டம் அடித்தன, இரண்டாம் வட்டத்தில் தாழ்ந்தன, காற்றுக்கு முகம் கொடுத்து நேராக என் லென்ஸுக்குள் இறங்கின. நொடிக்குப் பத்துப் படம். விரலை எடுக்கவில்லை.

வ்யூஃபைண்டரின் ஓரத்தில் அது தெரிந்துகொண்டுதான் இருந்தது. கயிறு ஆகாயத்தாமரை வேரில் சுற்றிக்கொண்டு காலை முறுக்கியிருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒற்றை இறக்கையால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது. அது கூப்பிட்ட குரல் இல்லை, வலியில் கத்திய குரல். எனக்கு அது தெரியும். கத்துகிறவரை காட்டு வாத்துகள் நிற்கும் என்பதும் தெரியும். நான் எழுந்திருக்கவில்லை. புள்ளிமூக்குகள் தாமாகக் கிளம்பிப் போன பிறகுதான் எழுந்தேன். கால் முட்டிக்குக் கீழே தொங்கியது. கயிறு தோலுக்குள் இறங்கியிருந்தது. கையில் எடுத்தபோது கத்துவதை நிறுத்திவிட்டது. நெஞ்சு மட்டும் என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டது.

பெரியவரிடம் கொடுத்தேன். என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "கொயம்புக்கு ஆவும் சார்."

படத்தின் இடது மூலையில் நீலக் கயிறு ஒரு விரற்கடை தெரிந்தது. வெட்டிவிட்டேன். குழுவில் நூற்றுக்கும் மேல் பாராட்டு. பேசக் கூப்பிட்டார்கள், பொறுமையைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2009-க்கான முதல் பரிசை வேலி தாண்டும் ஓநாய்ப் படத்துக்குக் கொடுத்து, அது பழக்கிய ஓநாய் என்று நடுவர்கள் முடிவுகட்டிப் பரிசைத் திரும்பப் பெற்ற கதையைக்கூட எடுத்துக்காட்டாகச் சொன்னேன். வாய் கூசவில்லை.

பிற்பாடு இரண்டு விஷயம் தெரியவந்தது. துப்பாக்கி வேட்டைக்காரர்கள் உயிருள்ள வாத்தைப் பார்வைக்கு வைப்பதை அமெரிக்காவே 1935-இல் தடை செய்துவிட்டது. நம் சட்டமோ வேட்டை என்ற சொல்லுக்குள் கொல்வதை மட்டுமல்ல, பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, ஆசை காட்டி இழுப்பது, இவற்றுக்கான முயற்சி எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறது. கட்டிய வாத்து அதில் அடங்குமா என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். என் வரையில், படம் எடுக்கத்தானே என்று சொல்லிக்கொண்டு போனவன் வேட்டைக்காரன்தான்.

அன்று என் பேச்சைக் கேட்டவர்களில் செம்பாக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். ஒன்பதாம் வகுப்பு; அப்பாவின் பழைய கேமரா. "நாலு மணி நேரம் அசையாம உக்காந்தா வருமா அங்கிள்?" என்று கேட்டான். வரும் என்றேன். போன ஞாயிறு காலை பத்து மணிக்கு அவனிடமிருந்து செய்தி: "அங்கிள், அஞ்சே முக்காலிலிருந்து உக்காந்திருக்கேன். இன்னிக்கும் வரல. அடுத்த வாரம் இன்னும் சீக்கிரம் வர்றேன்."

கட்டைவிரலை உயர்த்தி அனுப்பினேன்.