எந்த போர்டு வாங்கலாம்?

திருவொற்றியூர் தம்பி ஒருத்தர் கேட்டார்: "அண்ணா, மாடியில காத்தோட தரம் அளக்கணும். லினக்ஸ் ஓடுற சின்ன கம்ப்யூட்டர் போர்டு எது நல்லது?" 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்த பிறகு இந்த ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம்.

எல்லோரும் ரேம், விலை என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் முதலில் பார்ப்பது, அந்த சிப்புக்கான டிரைவர்கள் மூல லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டனவா என்பதை. இல்லையென்றால் கம்பெனி கொடுத்த பழைய கெர்னலோடு மாரடிக்க வேண்டியதுதான். டெபியனில் புதுப் பதிப்பு வந்தாலும் வேடிக்கை பார்க்கலாம். ராஸ்பெரி பை இதில் தேவலை. ஆனால் பூட் ஆவதற்கே அதற்கு மூடிய ஃபர்ம்வேர் வேண்டும், அதனால் முழுக்கத் திறந்தது என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். பீகிள்போன் பிளாக் வேகம் கம்மி; ஆனால் சர்க்யூட் வரைபடமே பொதுவில் கிடைக்கிறது, இஎம்எம்சி சேமிப்பகம் போர்டிலேயே இருக்கிறது. சென்சார் படிக்க அது தாராளம். என் ஓட்டு அதற்கே.

ஐஐடி மெட்ராஸின் சக்தி சிப் 2018லேயே லினக்ஸை ஓட்டியது. பெருமைதான், ஆனாலும் மாடியில் மாட்ட அதைச் சொல்ல மாட்டேன்.

நம்ம பக்கத்து உப்புக்காற்றில் பின்களில் பச்சை பூத்துவிடும், பாதுகாப்புப் பூச்சு அவசியம். திடீரென்று கரண்ட் போனால் எஸ்டி கார்டு காலி. ரூட் பார்ட்டிஷனை ரீட்-ஒன்லியாக மவுண்ட் பண்ணுங்கள்.

இன்னொன்று தம்பி, நுண்துகள் அளக்கும் பிஎம் 2.5 சென்சாருக்கு அமோனியா தெரியாது. அதற்குத் தனி சென்சார் வாங்கணும்.